அழகுக்கு மாட்டிய போர்டு

குக்கருக்கு இருநூறு ரூபாய் தள்ளுபடி என்று கோவில்பட்டிப் பாத்திரக்கடை வாசலில் ஆள் உயரத்துக்குப் போர்டு. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் மாடத்தி அதை நம்பி வாங்கினாள். பில்லிலோ பழைய விலை! அவளும், அவளைப் போல ஏமாந்த நாலைந்து பேரும் குக்கரும் கையுமாகத் திரும்பி வந்து நின்றார்கள்.

"தள்ளுபடிக் காசைக் கொடுங்க அண்ணாச்சி."

முதலாளி பொன்னுலிங்கம் சிரித்தார். "போர்டு சும்மா அழகுக்கு மாட்டுறது தாயி. அதுக்கெல்லாம் கடை பொறுப்பாகுமா?"

மாடத்தி அவர் தலைக்கு மேலே பார்த்தாள். அப்படி என்ன இருக்கிறது என்று எல்லோரும் நிமிர்ந்தார்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்றது இன்னொரு போர்டு.

"இதுவும் அழகுக்குத்தானே?" குக்கரை மேஜையில் வைத்தாள். "முழுப் பணத்தையும் கொடுங்க."

மற்ற குக்கர்களும் டங்கு டங்கென்று மேஜையேறின.

அண்ணாச்சி அவசரமாகக் கல்லாவைத் திறந்தார். "வாசல் போர்டுல எவ்வளவு தாயி போட்டிருக்கு?"