செவெரினோ நிறுத்திய உதை

அந்தக் காலத்தில் காட்டு மிருகங்களும் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்தன. பிரேசில் நாட்டில், கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பி வந்த அடிமைகள் ஒரு மலைக்காட்டுக்குள் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் கபோய்ரா என்னும் கால்சண்டையைக் கற்றுக்கொடுத்தவர் செவெரினோ வாத்தியார். பகலெல்லாம் மரவள்ளிக் கொல்லையில் மண்வெட்டி பிடிப்பார். பொழுது சாயும்போது ஒற்றைக் கம்பி கட்டிய வில்லைத் தட்டித் தாளம் எழுப்பி, ஆட்களை வட்டமாக நிற்க வைப்பார்.

அப்போதெல்லாம் உதை என்றால் உதைதான். தாடை பெயர்ந்தவனையும் விலா முறிந்தவளையும் வாத்தியாரே தோளில் போட்டுக்கொண்டு போய்க் குடிசையில் சேர்ப்பார், பச்சிலை அரைத்துக் கட்டுவார். மறுநாள் மறுபடி வில்லைத் தட்டுவார். தோட்டக்காரர்கள் என்றைக்காவது தேடி வருவார்கள் என்ற பயத்தில் நிறுத்தவும் முடியவில்லை. அவருக்கு அலுத்துப்போயிருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு கோடையில், ஓடைக்கரையில் அந்த ஊர்ப் பெண் ஜெரோனிமாவின் கணவனை ஒரு சிறுத்தை அடித்துக் கொன்றது. சில நாள் கழித்து அதுவே ஊருக்குள் நடந்து வந்தது. காடு தன் இனத்துக்குச் சொந்தம் என்றது. வாத்தியார் தன்னோடு கபோய்ரா ஆட வேண்டும், அவர் தோற்றால் எல்லோரும் மலையை விட்டு இறங்க வேண்டும், ஜெயித்தால் ஓடைக்கு இந்தப் பக்கம் தன் இனம் கால் வைக்காது என்றது. இறங்கினால் கீழே சங்கிலியும் சவுக்கும் காத்திருந்தன.

ஜெரோனிமா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதைக் கொன்னுடுங்க வாத்தியாரே. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

அவர் சரி என்று தலையசைத்தார்.

ஆட்டம் தொடங்கியது. சிறுத்தை பாயப் பாய, அவர் தரையோடு படிந்து விலகினார். ஒரு முறை அதன் நகம் முதுகைக் கிழித்தது. அடுத்த பாய்ச்சலில் அது நிலைதடுமாற, அவர் கைகளை மண்ணில் ஊன்றிக் காலைச் சுழற்றினார். குதிகால் நேராக அதன் நெற்றிப்பொட்டுக்குப் போனது. பட்டால் அது எழுந்திருக்காது. பிறகு அதன் இனம் பழிவாங்க வரும், ஊரார் திருப்பி அடிப்பார்கள், விழுகிறவர்களையெல்லாம் அவர்தான் சுமக்க வேண்டும். கால் ஒரு விரற்கடை தூரத்தில் நின்றுவிட்டது.

சிறுத்தை மூடிய கண்ணைத் திறந்தபோதும் குதிகால் அங்கேயே இருந்தது.

"ஏன் நிறுத்தினாய்?"

"இன்னொரு உடம்பைச் சுமக்க என்னால் ஆகாது."

சிறுத்தை எழுந்தது. தோற்றது தோற்றதுதான் என்று முணுமுணுத்துவிட்டு ஓடையைத் தாண்டிப் போயிற்று. சொன்ன சொல்லை அதன் இனம் காப்பாற்றியது.

ஊர் பிழைத்தது. ஆனால் ஜெரோனிமா அவர் முகத்தில் விழிக்கவில்லை. மழை தொடங்கிய பிறகு ஒரு மாலை, அவளாகவே வட்டத்துக்குள் வந்து நின்றாள். விளையாட வரவில்லை என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. மற்றவர்களை விலகச் சொல்லிவிட்டு வாத்தியார் அவள் எதிரே போய் நின்றார்.

"எனக்கு வாக்குக் கொடுத்தீங்க" என்றாள்.

"கொடுத்தேன்" என்றார்.

அவள் உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் காலை வீசினாள். அவர் விலகவில்லை. விலக வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் கால் அவர் கன்னத்தருகே வந்து, படாமல் நின்றது. பிறகு அவள் காலை இறக்கி, சேற்றிலேயே உட்கார்ந்து, கணவன் செத்த நாளிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அழுகை ஓய்ந்த பிறகுதான் வில்லைக் கையில் எடுத்தார்.

அன்று முதல்தான் கபோய்ரா ஆடுகிறவர்கள் எதிராளியின் முகம்வரை காலைக் கொண்டுபோய், அடிக்க முடியும் என்று காட்டிவிட்டு, அடிக்காமலே திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள்.