மண்ணின் வாயைத் திறந்த புழு

அந்தக் காலத்தில், புழு பூச்சிகளும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்தபோது, மண்ணுக்கும் பேச்சு இருந்தது. ஆனால் அது சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனிதருக்குத்தான் எல்லாம் தெரியுமே!

அவர்களுக்கு மண்ணின்மேல் ஒரு சந்தேகம். பெய்கிற மழையை அது திருட்டுத்தனமாகக் குடித்துவிடுகிறது, அதனால்தான் பயிருக்குப் பற்றவில்லை என்று நினைத்தார்கள். ஆகவே மழைக்காலத்துக்கு முன்னால் ஊரே கூடி, கனமான திமிசுக்கட்டையால் நிலத்தை இடித்து இடித்துக் களம் மாதிரி இறுக்கிவிடும். அதன்மேல் குளத்தில் அள்ளிய கரம்பை மண்ணை மெல்லிசாகப் பரப்பி விதைப்பார்கள். வரப்பையும் உயர்த்திவிட்டு, இனி ஒரு சொட்டும் போகாது என்று நிம்மதியாகப் படுப்பார்கள். மழை பெய்யும், தண்ணீர் நிற்கும், பயிர் அழுகும். மிச்சத் தண்ணீரை வெயில் குடித்துவிட்டுப் போகும். இடித்தது போதவில்லை என்று அடுத்த வருஷம் இன்னும் பலமாக இடிப்பார்கள்.

ஒச்சாயியும் அவள் புருஷன் மொக்கையனும் அப்படி இடித்தவர்கள்தான். அந்த வருஷம் அவர்களிடம் மிஞ்சியிருந்தது ஒரு கலயம் விதை வரகு. அதையும் விதைத்தாயிற்று. முளை பச்சையாகத் தலைகாட்டிய சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. காலையில் முளையின் அடியை நனைத்த தண்ணீர், உச்சிப்பொழுதுக்குள் நுனியைத் தொட்டுவிட்டது.

"வரப்ப வெட்டி விட்டுர்றேன்" என்று மொக்கையன் மண்வெட்டியைத் தூக்கினான்.

"வேணாம்யா! கரம்பையோட சேந்து மொளையும் ஓடைக்குப் போயிரும்."

"வெட்டலேன்னா அழுகிப் போகுமேடி!"

"வெட்டுனாலும் போச்சு, வெட்டலேன்னாலும் போச்சு. வெதைக்கு இனி யாருகிட்டய்யா போயி நிக்கிறது?" ஒச்சாயி வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள்.

வரப்போரத்துச் சருகுக் குவியலில் ஒரு புழு இருந்தது. அப்போது அதற்குக் கண் உண்டு, கடுகளவில் கருகருவென்று. கோடையில் அது காய்ந்துபோகாமல் இருக்க, கஞ்சிக் கலயம் கழுவிய தண்ணீரை ஒச்சாயி அந்தச் சருகில்தான் ஊற்றுவாள். அவள் அழுவதைப் பார்க்க அதற்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் ஓரம்வரை ஊர்ந்து போனது. அடியில் மண் முனகுவது கேட்டது.

"தண்ணி... தண்ணி..."

"தலைக்கு மேல தண்ணி நிக்குது, இன்னும் தண்ணி கேக்குறியா?" என்றது புழு.

"நிக்குது. உள்ள வரலையே! இடிச்சு இடிச்சு என் வாயெல்லாம் அடைச்சுப்புட்டாங்க. உள்ள வறண்டு கெடக்கேன். யாராச்சும் வாயத் தொறந்துவிட்டா இவ்வளவையும் குடிச்சிருவேன்."

"எனக்குக் கையும் இல்ல, நகமும் இல்லயே."

"வாய் இருக்குல்ல? என்னயத் தின்னுக்கிட்டே கீழ வா. ஆனா ஒன்னு, நீ தொறக்குற வழியிலயே தண்ணி உன்னயத் தொரத்திட்டு வரும். நின்னா முங்கிருவ."

புழுவுக்கு உடம்பெல்லாம் பதறியது. திரும்பிப் பார்த்தது. முளைகளின் நுனியும் மறையத் தொடங்கியிருந்தது. கண்ணை இறுக்கிக்கொண்டு மண்ணைக் கடித்தது.

இடித்த மண் கல்லாக இருந்தது. கடித்து, விழுங்கி, பின்னால் தள்ளி, மறுபடி கடித்தது. மணல் கண்ணை அறுத்தது. பின்னால் தண்ணீர் கொடகொடவென்று வந்து வாலைத் தொட்டது. நிற்க முடியாது, திரும்ப முடியாது. மேலே முளை பிழைத்ததா, போய்விட்டதா என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அந்த நினைப்புதான் கண் எரிச்சலைவிட அதற்குப் பெரிதாக இருந்தது. இறுகிய மண் முடிந்து இளகிய மண் வந்ததும், சுற்றிலும் மடக்மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்டது.

மேலே வயலில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. ஓர் இடத்தில் தண்ணீர் சுழித்தது.

"எறங்குது! ஏய்யா, தண்ணி எறங்குது!" என்று ஒச்சாயி கத்தினாள்.

முளைகள் சேறும் சகதியுமாய்ச் சாய்ந்து நின்றன, ஆனால் நின்றன. எத்தனை மழை பெய்தும் ஊறாமல் வறண்டு கிடந்த வயல்மூலைக் கிணற்றில் ஊற்று கசிந்தது. மொக்கையன் திமிசுக்கட்டையை விறகுக்குப் பிளந்தான்.

வெகுநேரம் கழித்துப் புழு மேலே வந்தது. அதன் முகத்தில் கண் இருந்த இடம் வழவழவென்று மூடிக்கிடந்தது.

"ஆத்தா, மொள இருக்கா?"

ஒச்சாயி குனிந்தாள். "இருக்குடா, என் ராசா. எல்லாம் இருக்கு."

"நெசமாவா? தண்ணி நிக்கலயே?"

அவள் அதை உள்ளங்கையில் ஏந்தி ஒரு முளையின்மேல் வைத்தாள். புழு அதை அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தது.

"இது நிக்குது. மத்ததெல்லாம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனது.

அன்று முதல்தான் மண்புழுவுக்குக் கண் இல்லை. மண்ணைத் தின்று தண்ணீருக்கு வழி திறந்தபடியே இருக்கிறது. மழை பெய்தாலோ பதறிப்போய் மேலே வந்து, மற்ற முளைகளும் நிற்கின்றனவா என்று ஈரத் தரையெல்லாம் இன்னும் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.