ரத்தினசபாபதி கேட்ட கம்ப்ரசர்

திருச்செங்கோட்டில் முப்பத்தைந்து வருடம் பத்திரம் எழுதிய ரத்தினசபாபதி, அறுபத்தோராவது வயதில் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கக் கற்றுக்கொள்ளப் போனார்.

தோட்டத்துக்கென்று ஒரு பழைய ஜீப் வாங்கியிருந்தார். அதன் துருப்பிடித்த கதவைப் பற்றி விசாரிக்கச் சங்ககிரி ரோட்டில் ஒரு பட்டறைக்குப் போனபோது, பட்டறையை நடத்தும் தாமரைச்செல்வி அங்கே ஒரு போர்வெல் ரிக் வண்டிக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தார். கை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது. பின்னாலேயே நீலம் வந்தது. எங்கும் ஒழுகவில்லை, திட்டு விழவில்லை. ரத்தினசபாபதி மத்தியானம் வரை நின்று பார்த்தார். மறுநாள் காலை டிபன் கேரியரோடு வந்து, "எனக்கு இதைச் சொல்லிக் குடுங்க" என்றார்.

தாமரைச்செல்விக்கு வயது முப்பத்து நாலு. அப்பா வயதுள்ளவர் கைகட்டி நிற்பது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். ஓர் உப்புத்தாளை எடுத்து நீட்டினார்.

மூன்று மாதம் துரு தேய்த்தார் ரத்தினசபாபதி. பிறகு பட்டி பார்த்தார். ஸ்பிரே கன் கைக்கு வர எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் தாமரைச்செல்வியை 'மேஸ்திரி' என்று கூப்பிடுவது அவர் வாயில் படிந்துவிட்டது. அவரை மேஸ்திரி 'அய்யா' என்றுதான் கூப்பிட்டார்.

அப்புறம்தான் குழப்பம் பிடித்தது.

வீட்டை ஒட்டியிருந்த கார் ஷெட்டிலேயே ஒரு சின்னப் பட்டறை போட்டுக்கொண்டால், ஜீப்பைத் தன் கையாலேயே முடித்துவிடலாம் என்று தோன்றியது. அதற்கு, ஸ்பிரே கன்னுக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர் வேண்டும். ஈரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினார். ஒரு கடைக்காரர் டேங்க் பெரிதாக இருக்க வேண்டும் என்றார். அடுத்தவர் டேங்க்கில் ஒன்றுமே இல்லை, மோட்டார்தான் முக்கியம் என்றார். மூன்றாவது கடையில் பெல்ட் ஓட்டும் வகைதான் காலத்துக்கும் நிற்கும் என்றார்கள். நாலாவது கடையில் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, இப்போதெல்லாம் எண்ணெயே இல்லாமல், சத்தமே இல்லாமல் ஓடுவது வந்துவிட்டது என்று ஒன்றைத் தொட்டுக் காட்டினார்கள்.

அவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதினால் தெளிந்துவிடும் என்பது அவருடைய தொழில் கற்றுத்தந்த நம்பிக்கை. நிலத்துக்கு நான்கெல்லை குறிப்பதுபோல ஒவ்வொரு கம்ப்ரசருக்கும் டேங்க், மோட்டார், அழுத்தம், சத்தம் என்று நான்கு பக்கமும் குறித்தார். எழுத எழுதக் குழப்பம் கூடியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பட்டறை திறந்ததும் நோட்டோடு போய் நின்றார்.

"மேஸ்திரி, வீட்டு ஷெட்டுக்கு ஒரு கம்ப்ரசர் வாங்கோணும். எதை வாங்கறது?"

"எதுக்குங்கய்யா?"

"ஜீப்புக்குப் பெயின்ட் அடிக்கறதுக்கு. டயருக்குக் காத்து பிடிக்கலாம். என்ஜின்ல தூசி ஊதலாம். நாளைக்கு நட்டுக் கழட்டற மெஷின் வாங்கினா அதையும் இதுலயே ஓட்டலாம். எல்லாத்துக்கும் ஆகற மாதிரி ஒண்ணு..."

தாமரைச்செல்வி எழுந்து பட்டறை மூலையில் இருந்த கம்ப்ரசரின் பக்கம் போனார். குனிந்து, டேங்க்கின் அடிவயிற்றில் இருந்த சின்னத் திருகைத் திறந்துவிட்டார். சீறிக்கொண்டு காற்று வந்தது. கூடவே துரு கலந்த தண்ணீர் வந்து தரையில் ஓடியது. ரத்தினசபாபதி வேட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

"காத்தைத்தானே உள்ள அடைச்சீங்க? தண்ணி எப்படி வந்துது?"

"காத்துலயே இருக்கறதுதாங்க. அடைச்சு வெச்சா இறங்கி அடியில நிக்கும். தெனம் திறந்து விடோணும். திறக்காம உட்டுட்டா பெயின்ட்ல வந்து தெறிக்கும், டேங்க்கையும் அரிச்சுப்போடும்."

"சரிங்க. அப்ப எத்தனை லிட்டர் டேங்க் வாங்கறது?"

மேஸ்திரி அவரைப் பார்த்தார். பிறகு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

அது பதிலா, பதில் இல்லையா என்று ரத்தினசபாபதிக்குப் பிடிபடவில்லை. 'தண்ணீர் இறங்கும்' என்று நோட்டில் எழுதினார். எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் ஓரத்தில் எழுதினார்.

மறுநாள் அவர் திரும்பக் கேட்டார். "சத்தமில்லாததையே வாங்கிடட்டுமா மேஸ்திரி? இல்லை, சத்தம் போட்டாலும் பலமானது நல்லதா?"

"ஷெட்டுக்கு அந்தப் பக்கம் என்னங்க இருக்குது?"

"காலியிடம். யாருக்கும் தொந்தரவு இல்லை."

"இந்தப் பக்கம்?"

"எங்க சமையக்கட்டு."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நான் வர்றேன்" என்றார் தாமரைச்செல்வி.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மினி லாரி ஒன்று வந்து நின்றது. பின்னால் பட்டறையின் சின்னக் கம்ப்ரசர் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. இருவரும் பிடித்து இறக்கி ஷெட்டுக்குள் வைத்தார்கள். ரத்தினசபாபதி நோட்டை எடுத்துக்கொண்டார். மேஸ்திரி ஏதோ செய்து காட்டப்போகிறார், பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும் என்று நினைத்தார்.

"நீங்க இங்க நிக்காதீங்க" என்றார் தாமரைச்செல்வி. "உள்ள சமையக்கட்டுல போய் உக்காருங்க. டேங்க் நெறஞ்சு மோட்டார் தானா நிக்கிற வரைக்கும் வெளிய வராதீங்க."

"உள்ள போனா எனக்கு என்னங்க தெரியும்?"

மேஸ்திரி சுவிட்சில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ரத்தினசபாபதி உள்ளே போனார். அவர் மனைவி சொர்ணம் சமையல் மேடையருகே ஸ்டூலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முப்பத்து நாலு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். சண்டை சச்சரவு இல்லை. பேச்சும் அதிகமில்லை. சாப்பாடு ஆயிற்றா, மோட்டார் போட்டாயிற்றா, அவ்வளவுதான். கணவர் பகலில் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து சொர்ணம் கத்தியை நிறுத்தினார்.

"ஏனுங்க, தண்ணி வேணுங்களா?"

"வேண்டாம். சும்மாதான்."

சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் எழுந்தது. ஷெட்டில் நின்று கேட்பதுபோல அது இல்லை. சுவரே இரைந்தது. அலமாரித் தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ரத்தினசபாபதிக்குப் பல் கூசியது. சொர்ணம் இப்போது எழுந்து சத்தம் போடப்போகிறார், மேஸ்திரி காட்ட நினைத்தது இதைத்தான் என்று அவருக்குத் தோன்றியது. சரி, சத்தமில்லாததுதான். முடிந்தது. நோட்டைத் திறந்தார்.

நிமிர்ந்து பார்த்தபோது சொர்ணம் கத்தியைக் கீழே வைத்திருந்தார். சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். நெற்றியில் எப்போதும் இருக்கும் அந்த இரண்டு சுருக்கங்களைக் காணவில்லை. ஏதோ சுமையை இறக்கி வைத்தவர்போல வாய் லேசாகத் திறந்திருந்தது.

மயக்கமோ என்று ரத்தினசபாபதி பயந்துபோனார்.

"சொர்ணம்!" என்று கத்தினார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. எழுந்து தோளைத் தொட்டார். சொர்ணம் கண்ணைத் திறந்து, ஒன்றுமில்லை என்பதுபோலக் கையசைத்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

டேங்க் நிறைந்தது. மோட்டார் நின்றது. டம்ளர்கள் அடங்கின.

சொர்ணத்தின் நெற்றி மறுபடி சுருங்கியது.

"நின்னுபோச்சுங்களா?" என்றார். "இன்னுங் கொஞ்ச நேரம் ஓட்டச் சொல்லுங்களே."

ரத்தினசபாபதி ஒன்றும் புரியாமல் ஷெட்டுக்கு வந்தார்.

"மேஸ்திரி, அவளுக்குச் சத்தம் பிடிச்சிருக்குதுங்க. இன்னும் ஓட்டச் சொல்றா. அப்ப சத்தம் போடறதையே வாங்கறதுங்களா?"

"ஏன் பிடிச்சிருக்குதுன்னு கேட்டீங்களா?"

"இல்லீங்க."

"கேட்டுட்டு வாங்க."

அவர் திரும்ப உள்ளே போனார். அதே ஸ்டூலுக்கு எதிரே உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வாங்குபவர், விற்பவர் என்று எத்தனையோ பேரை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்டவர் அவர்.

"ஏன் சொர்ணம், அது ஓடறப்ப உனக்கு என்ன பண்ணுது?"

சொர்ணம் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது ஓடறப்ப காது இரையறது தெரியலீங்க."

"காது இரையுதா?"

"எடது காது. போன ஐப்பசியில ஆரம்பிச்சுது. குக்கர் விசில் வர்றதுக்கு முன்னால ஒரு சத்தம் வருமில்லீங்களா, அது மாதிரி. விசிலும் வராது, நிக்கவும் நிக்காது. ஊட்டுல சத்தமே இல்லாதப்பத்தான் ரொம்ப. நீங்க காலையில பட்டறைக்குக் கிளம்பிப் போனா சாயங்காலம் வரைக்கும் அதையேதான் கேட்டுட்டு இருக்கறேன். டிவி போட்டுப் பாத்தேன். அடுப்புல வெறுந்தண்ணியக் கொதிக்க வெச்சுட்டு நின்னுகூடப் பாத்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலே?"

சொர்ணம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ தப்பான விலாசத்தைத் திருத்துபவர்போல நிதானமாகச் சொன்னார்.

"ரெண்டு தடவ சொன்னனுங்க. ஒரு தடவ சாப்பிட்டுட்டு இருந்தீங்க, ஆகட்டும்னீங்க. இன்னொரு தடவ எழுதிட்டு இருந்தீங்க."

ரத்தினசபாபதி நினைவில் தேடினார். ஐப்பசி மழை ஞாபகம் இருந்தது. ஜீப் வாங்கிய நாள், அதன் பதிவு எண், விற்றவரின் தகப்பனார் பெயர்கூட ஞாபகம் இருந்தது. இது இல்லை.

"வேற என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

சொர்ணம் சொன்னார். அந்தப் பக்கக் காதில் போன் பேச முடிவதில்லை. கோயில் மணி இரண்டாகக் கேட்கிறது. புத்தி பேதலிக்கிறதோ என்று பயந்து, பெங்களூரில் இருக்கும் மகளிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு நாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த பால்வண்டி கேட்கவேயில்லை. முழங்கையில் சிராய்ப்பு. அதை ரத்தினசபாபதி பார்த்துவிட்டு, எங்கே விழுந்தாய் என்றுகூடக் கேட்டார். பதில் சொல்வதற்குள் பட்டறைக்கு நேரமாகிவிட்டது.

ரத்தினசபாபதி கேட்டுக்கொண்டேயிருந்தார். உலை கொதித்து அடங்கியது. நோட்டு மேடைமேல் திறந்து கிடந்தது. வெங்காயச் சருகுகள் அதில் பறந்து விழுந்தன.

அவர் வெளியே வந்தபோது கம்ப்ரசர் மினி லாரிமேல் ஏறியிருந்தது. மேஸ்திரி கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு வருஷமா காது இரையுதாம்" என்றார் ரத்தினசபாபதி. கயிற்றின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தாமரைச்செல்வி முடிச்சை இறுக்கினார். "ஈரோட்டுல நல்ல காது டாக்டருங்க இருக்கறாங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளே கணவனும் மனைவியும் ஈரோட்டுக்குப் போனார்கள். டாக்டர் சொர்ணத்தைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு விதவிதமான ஒலிகளைக் கேட்கச் செய்தார். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். ரத்தினசபாபதி கண்ணாடிக்கு வெளியே நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கத்துக்கு உடனுக்குடன் எழுந்த கை, இடது பக்கத்துக்கு மடியிலேயே வெகுநேரம் கிடந்தது.

புத்திக் கோளாறு எதுவுமில்லை, ஆபத்தான நோயும் இல்லை என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் சொர்ணம் அழுதார். இடது காதில் கேட்கும் திறன் பாதி குறைந்திருந்தது. அதற்கு ஒரு கருவி எழுதித் தந்தார்.

பத்து நாள் பட்டறைப் பக்கம் வரவில்லை ரத்தினசபாபதி. பதினோராம் நாள் காலை வந்தார். கையில் நோட்டு இருந்தது. தாமரைச்செல்வி ஒரு கேபின் கதவுக்கு நியூஸ் பேப்பர் ஒட்டி மறைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கறாங்க அம்மா?"

"காதுக்கு மிஷின் வந்துருச்சுங்க. இப்பப் பரவால்ல. முழுசா நிக்காதாம், பழகிக்கோணுமாம்." நோட்டை மறுகைக்கு மாற்றினார். "ஆனா எனக்குத்தான் மேஸ்திரி இன்னும் தெளியலே."

"என்னங்க?"

"பெரிய சத்தம் ஆகவே ஆகாதுன்னுட்டார் டாக்டர். அன்னிக்கு அந்தச் சத்தத்துல சொகமாத் தெரிஞ்சாலும், அது காதை இன்னும் கெடுக்குமாம். சரி, சத்தமில்லாத கம்ப்ரசர்னு முடிவு பண்ணினேன். ஆனா சத்தமே இல்லாம இருக்கறதும் ஆகாதுங்கறார். பக்கத்துல சன்னமா, விடாம ஏதாவது ஒரு சத்தம் ஓடிட்டே இருந்தாத்தான் இரைச்சல் அமுங்குமாம்." நோட்டைப் பிரித்தார். "நாலு கடையிலும் மறுபடி விசாரிச்சேன். அப்படி ஒண்ணை யாருக்கும் சொல்லத் தெரியலே. காதுக்கும் கெடுதல் பண்ணாம, நாள் பூரா சன்னமா ஓடற மாதிரி எதை வாங்கறதுங்க?"

தாமரைச்செல்வி பேப்பரின் ஓரத்தை விரலால் நீவி ஒட்டினார்.

"நீங்க வீட்டுல பேசுவீங்களாய்யா?" என்றார்.

ரத்தினசபாபதி நோட்டைப் பிடித்தபடி நின்றார்.