உக்கிராணம் ஏறிய கப்பல்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குச் சந்தேகம் வந்தது: கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் காலையில் என்ன தின்கிறார்கள்? சந்தேகம் வந்தால் அவருக்குத் தூக்கம் பிடிக்காது. ஆறு மாதப் பயணத்துக்குக் கப்பல் தயாரானது.

உணவு ஏற்றும் பொறுப்பை அரசவை விகடன் கொம்பையனிடம் கொடுத்தார். அரண்மனையின் சாமான் அறையான உக்கிராணத்தைக் காக்கும் பூமாலையாருக்கு வயிறு எரிந்தது.

"மகாராஜா, உக்கிராணத்தில் இல்லாத உணவு உலகத்திலேயே இல்லை. அதிலுள்ளதெல்லாம் ஏறட்டும். ஒன்று குறைந்தாலும், வெளியிலிருந்து ஒன்று கூடினாலும் இவன் தலை போகட்டும். மாலுமிகள் பட்டினி கிடந்தாலும் இவன் தலைதான்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

"வெளிச்சாமானும் கொஞ்சம் வேணுமே, ஐயா?" என்றான் கொம்பையன்.

"உக்கிராணத்தைப் பற்றி எனக்கே பாடமா, கோமாளி?"

கொம்பையன் வேலையில் இறங்கினான். அரிசி, பருப்பு, நெய், ஊறுகாய், முறுக்கு என்று அறையைத் துடைத்து ஏற்றினான். பிறகு ராஜாவிடம் போனான்.

"மாலுமி கடலில் எப்படிச் சாப்பிடுவான் என்று மகாராஜா பார்க்க வேண்டாமா?"

அது போதும். பூமாலையாரையும் இழுத்துக்கொண்டு ராஜா கப்பல் ஏறினார்.

கரை கோடாய்த் தெரிந்த நேரம், ராஜா முறுக்கைக் கடித்து, ஊறுகாயை நக்கினார். விக்கல் எடுத்தது.

"தண்ணீர்!"

"இல்லை, மகாராஜா" என்றான் கொம்பையன்.

"சோறாவது போடு!"

"உலைக்குத் தண்ணி இல்ல. எரிக்க விறகும் இல்ல."

பூமாலையார் குதித்தார். "மறந்துவிட்டான்! தலையை வாங்குங்கள்!"

"உக்கிராணத்துல தண்ணி எந்த மூலையில இருக்கு, ஐயா? கிணத்துல எறைச்சு ஒருத்தி சுமக்கிறா. விறகை ஒருத்தன் தலையில கொண்டாறான். ரெண்டு பேரையும் உம்ம வாசப்படி மிதிக்க விட்டதில்ல. அப்புறம் அது எப்படி உம்ம கண்ணுல படும்? ஏத்தியிருந்தா என் தலை போயிருக்கும். ஏத்தாம அனுப்பியிருந்தா, நடுக்கடல்ல இத்தனை பேர் நாக்கு வறண்டு செத்திருப்பாங்க."

மாலுமிகள் பூமாலையாரையே பார்த்தார்கள்.

"கரைக்குத் திருப்பு" என்றார் ராஜா, விக்கலுக்கு நடுவில்.

இறங்கியதும் கிணற்றடியில் ஒரு குடத்தை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டார். மூச்சு வந்ததும் சிரிப்பும் வந்தது. மோதிரத்தைக் கழற்றிக் கொம்பையனுக்குப் போட்டார். "கப்பல் தண்ணீர் முழுவதையும் பூமாலையாரே சுமக்கட்டும்."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூமாலையார் முதல் குடத்தைத் தூக்கித் தள்ளாடினார்.

"இடுப்புல வையும், ஐயா!" என்று கத்தினான் கொம்பையன். "பாதி தண்ணி மண்ணு குடிக்குது!"

ராஜா மறுபடியும் சிரித்தார். இந்த முறை விக்கல் இல்லை.