ஆவுடையம்மாள் அண்டா

கட... கட... கட... கட... ணங்!

என்ன சத்தம் இது, சொல்லு பாப்போம். இடியா? இல்ல. ரயிலா? அதுவும் இல்ல. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, ஒரு காலை நேரத்துல, கல்லு பாவின தெருவுல ஒரு பெரிய பித்தளை அண்டா உருண்டு வந்த சத்தம். எத்தனையோ சத்தம் மறந்து போச்சு, இது மட்டும் காதை விட்டுப் போகல. அந்தக் கதைதான் இன்னைக்கு. காலை நீட்டிப் படு. நடுநடுவுல "ம்" சொல்லணும், சரியா?

ஆத்தங்கரையில ஒரு ஊரு, அந்த ஊர்ல ஒரு ஓட்டு வீடு, அந்த வீட்டுல தெய்வானைன்னு ஒரு மருமக. அவ பொறந்த ஊரு தள்ளி, மலைக்கு அந்தப் பக்கம். அவ மாமனார் பேரு குத்தாலிங்கம். தை மாசம் வந்தா அவருக்கு எண்பது வயசு. பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க, அண்ணன் தம்பி குடும்பம், எல்லாரும் வீட்டுக்கே வராங்க. எத்தனை பேரு தெரியுமா? நூத்திப் பத்து பேரு!

ம் சொல்லு.

அப்போ தெய்வானை பழைய காலண்டர் தாளைத் திருப்பி வச்சு எழுத ஆரம்பிச்சா. சாம்பாருக்கு முருங்கக்காய். சின்ன மாமாவுக்குப் பல்லு இல்ல, அவருக்காகப் பூசணிக்காய் கூட்டு. பருப்புப் பாயசம். பிள்ளைங்களுக்கு அப்பளம் ஆளுக்கு ரெண்டு, ஒண்ணு திங்க, ஒண்ணு நொறுக்க. எல்லாம் எழுதிட்டு மாமனார்கிட்ட போய், "உங்களுக்கு என்ன வேணும் மாமா?"ன்னு கேட்டா.

அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "எனக்குப் பலகாரம் எல்லாம் வேண்டாம்மா. வர்றவங்க அத்தனை பேரும் ஒரே உலைச் சோறு சாப்பிடணும். ஒரே அண்டாவுல வெந்த சோறு."

"நூத்திப் பத்து பேருக்கு ஒரே அண்டாவா மாமா?"

"ஒரே அண்டா."

அப்புறம் என்ன, தெய்வானை அண்டா தேடிக் கிளம்பிட்டா. முதல்ல வாடகைப் பாத்திரக் கடைக்குப் போனா. கடைக்காரரு கையை விரிச்சுட்டாரு. "தை முகூர்த்தம்மா. கரண்டி கூட மிச்சமில்ல." அப்புறம் கோயில் மண்டபத்துக்குப் போனா. அங்க ஒரு அண்டா இருந்துச்சு. தண்ணி ஊத்திப் பாத்தா, அடியில ஓட்டை. சொட்டு... சொட்டு... சொட்டு. அப்புறம் மூணாவதா, பக்கத்து வீட்டுப் பானையை எல்லாம் வரிசையா வச்சுப் பாத்தா. பெருசுங்கிற பானையே பதினஞ்சு பேருக்கு மேல காணாது.

வீட்டுக்கு வந்து உக்காந்துட்டா. அவ புருஷன் பேரு நமச்சிவாயம். அவன் மெதுவா, சுவத்தைப் பாத்துக்கிட்டுச் சொன்னான்: "உனக்கும் தெரியும், ஊர்ல இன்னும் ஒரு அண்டா இருக்கு. அக்காகிட்ட."

அக்கான்னா ஆவுடையம்மாள். குத்தாலிங்கத்தோட மூத்த மக. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவ கல்யாணத்துக்கு அப்பா ஆள் வச்சுச் செஞ்சு குடுத்த அண்டா அது. கழுத்துல டிக் டிக் டிக்குனு உளி வச்சு "ஆவுடையம்மாள்"னு பேரு வெட்டியிருக்கும். ஆனா ஆவுடை பொறந்த வீட்டு வாசப்படி மிதிச்சு பதினோரு வருஷம் ஆச்சு. ஏன்னு யாருக்கும் தெரியாது.

"ஏன் வர்றதில்லன்னு நீங்க உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேக்கலையா?"

"கேட்டேன். 'உன் பொண்டாட்டிகிட்ட கேளு'ன்னா. எதுக்கு வம்புன்னு நான் உன்னைக் கேக்கல."

பாத்தியா? பதினோரு வருஷம் கேக்காமலே இருந்திருக்கான்.

ம்... சரி.

தெய்வானை போனா. ஆவுடை முத்தத்துல உளுந்து புடைச்சுக்கிட்டிருந்தா. சர்க்... சர்க்... சர்க். தலை நிமிரல.

"மதினி, மாமாவுக்கு எண்பது..."

"தம்பி வந்து சொல்லிட்டான்." முறத்தை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. அவ்வளவுதான்.

மறுநாளும் போனா. "மதினி, ஒரு நாளைக்கு உங்க அண்டாவை..."

"ஈயம் போயி பரண்ல கிடக்கு."

"ஈயம் பூசுறவரைக் கூட்டிட்டு வரட்டா?"

"வேண்டாம்." கதவு படார்!

மூணாம் நாளும் போனா. இந்தத் தடவை கதவு தட்டல. வாசப்படியில உக்காந்துக்கிட்டா. "மதினி, எனக்கு அண்டா வேண்டாம். மாமாகிட்ட முடியலன்னு சொல்லிக்கிறேன். நான் உங்களுக்கு என்ன தப்பு செஞ்சேன்? அதை மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

அப்புறம் கதவு க்ரீச்சுன்னு திறந்துச்சு.

"பதினோரு வருஷம் கழிச்சுக் கேக்கிற. உன் மூத்தவனுக்குப் பேரு வைக்க அண்டா வாங்கிட்டுப் போனியே, எப்படித் திருப்பி அனுப்பின?"

"சுத்தமாக் கழுவித்தானே மதினி..."

"கழுவி, வெறுமையா! உள்ள ஒரு பிடி அரிசி உண்டா? ஒரு வெல்லக்கட்டி? போகட்டும், ஒரு வெத்தலை? யாரு பாத்திரத்தையும் இங்க வெறுமையாத் திருப்ப மாட்டாங்க. எங்கப்பா வீட்டுலேருந்து எனக்கு வெறும் அண்டா வருது! இனிமே உனக்கும் எங்களுக்கும் ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்? அந்த வருஷம் எங்க வயல்ல ஒரு மணி நெல்லு வீடு வந்து சேரல."

தெய்வானை வாசப்படியிலேருந்து எழுந்துட்டா. கண்ணு ரெண்டும் நிறைஞ்சுடுச்சு.

"மதினி, எங்க ஊர்ல அடுத்தவங்க பாத்திரத்துல ஒரு பருக்கை ஒட்டியிருந்தாக்கூட அவங்களை அவமதிச்ச மாதிரி. அதனாலதான் புளி போட்டு ஒரு தரம் தேச்சேன். சாம்பல் போட்டு ஒரு தரம் தேச்சேன். தவிடு போட்டு ஒரு தரம் தேச்சேன். பிள்ளை பெத்த உடம்பு, குனிய முடியல. அண்டாவுக்குள்ள இறங்கி உக்காந்து தேச்சேன்."

ஆவுடை அவளையே பாத்தா. "அண்டாவுக்குள்ளயா?"

"ஆமா."

"வெளிய எப்படி வந்த?"

"வர முடியல. உங்க தம்பிதான் தூக்கி விட்டாரு."

அப்போ ஆவுடைக்கு உதடு துடிச்சுது. அழப்போறாளோன்னு பாத்தா, குபுக்குன்னு சிரிப்பு. "அந்தப் பய எங்கிட்ட இதைச் சொல்லவே இல்லையே!"

"சொன்னா நீங்க சிரிப்பீங்கன்னு நான்தான் சொல்ல விடல."

"சிரிச்சிருப்பேன்டி! பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே சிரிச்சிருப்பேன்!" முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "ஈயம் போயிடுச்சுன்னது பொய். ஒரு வருஷம் தவறாமப் பூசித்தான் வச்சிருக்கேன்"னா.

தூங்கிட்டியா? இல்லையா? சரி, கேளு.

விருந்தன்னைக்குக் காலையில தெய்வானை அடுப்புக்கு விறகு அடுக்கிக்கிட்டிருந்தா. அப்போ தெருக்கோடியில... கட... கட... கட... கட... ணங்! அண்டா உருண்டு வருது. அண்டாவுக்குப் பின்னாடி ஆவுடை, சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு!

"மதினி, அண்டா மட்டும் குடுத்தாப் போதாதா? உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"இது இடது பக்கம் அடி பிடிக்கும். உனக்கு என்ன தெரியும்? தள்ளு."

வாசல்ல குத்தாலிங்கம் நின்னுக்கிட்டிருந்தாரு. ஆவுடை படி ஏறாம நின்னா. "உங்களுக்கு ஒரே உலைச் சோறு கேக்குதோ?"

"ஆமா."

தை முகூர்த்தத்துல ஊர்ல அந்த அளவு அண்டா மிச்சமிருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்னு அவருக்குத் தெரியாதா என்ன? செய்யச் சொன்னவரே அவருதானே. மறுபடியும் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "உள்ள வா, வெயில் ஏறுது"ன்னாரு. அவ்வளவுதான். அவ படி ஏறிட்டா.

அப்புறம் வீடே அதிர்ந்துச்சு. கடுகு பட்பட்டுன்னு பொரியுது, அப்பளம் சொர்ர்ருனு விரியுது, அண்டாவுல உலை தளதளன்னு கொதிக்குது. இடது பக்கத்து விறகை ஆவுடை இழுத்து விடறா, வலது பக்கத்துல தெய்வானை கிண்டறா. ஆவி மேல போய் ஓட்டுல மோதி, சொட்டுச் சொட்டா ரெண்டு பேரு தலையிலயும் விழுது. கஞ்சி வடிச்சுப் பாத்தா, ஒரு பருக்கை குழையல, ஒரு பருக்கை வேகாம இல்ல.

நூத்திப் பத்து பேரு, அந்தக் கோடியிலேருந்து இந்தக் கோடி வரைக்கும் இலை. குத்தாலிங்கம் முதல் கவளத்தைக் கையில எடுத்தாரு. உடனே சாப்பிடல. அந்தப் பக்கம் கடைசி வரைக்கும் பாத்தாரு, இந்தப் பக்கம் கடைசி வரைக்கும் பாத்தாரு. அப்புறம் வாயில போட்டுக்கிட்டு, "நல்லா வெந்திருக்கு"ன்னாரு.

ம்.

சாயங்காலம் தெய்வானை அண்டாவைக் கழுவினா. உள்ள இறங்கல, பயப்படாதே! கழுவித் துடைச்சு, ஒரு பிடி அரிசி போட்டா, ஒரு வெல்லக்கட்டி வச்சா, ஒரு வெத்தலை வச்சா. நிறுத்தல. ரெண்டாவது பிடி, ரெண்டாவது கட்டி, ரெண்டாவது வெத்தலை. பதினொண்ணு வரைக்கும்.

ஆவுடை எட்டிப் பாத்தா. "என்னடி இது?"

"வருஷத்துக்கு ஒண்ணு, மதினி."

"கிறுக்கச்சி! இதை வச்சுக்கிட்டு எப்படிடி உருட்டுறது?"

உருட்டல. அண்டாவோட ஒரு காதைத் தெய்வானை பிடிச்சா, இன்னொரு காதை ஆவுடை பிடிச்சா. ரெண்டு பேரும் தூக்கிக்கிட்டே ரெண்டு தெருவும் நடந்தாங்க. அதான் அந்த அண்டா வந்த சத்தம் மட்டும் காதுல இருக்கு. போன சத்தம் இல்ல.

கதையைக் கழுவிக் கவுத்தாச்சு, கண்ணை மூடு. ஆனா கதையையும் வெறுமையாத் திருப்பக் கூடாது. கடைசியா ஒரு "ம்" போட்டுக் குடு.

ம்... நல்ல பிள்ளை.

என்ன, ஆவுடை அப்புறம் என்ன ஆனாளா? அவ தொண்ணூத்தியோரு வயசு வரைக்கும் இருந்தா. கடைசி பன்னெண்டு வருஷம் தெய்வானை வீட்டுலயே இருந்தா.