சன்னலுக்குக் கீழே தாழம்பூ

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சிவசைலம் பண்ணையார் என்று ஒருத்தர் இருந்தார். தாழம்பூ வாசம் இல்லாமல் தூக்கம் வராது என்று திடீரென்று ஒருநாள் அடம்பிடித்தார். தோட்டக்காரி முத்துப்பேச்சி வாய்க்கால் ஓரத்துத் தாழம்புதரைப் பெயர்த்துவந்து அவர் சன்னலுக்குக் கீழே நட்டாள். தாழைக்கு ஈரம் வேண்டுமே என்று தினமும் தண்ணீர் விட்டாள். ஈரத்துக்குத் தவளை வந்தது. தவளைக்குப் பின்னால் பாம்பு வந்தது.

பண்ணையார் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினார்.

"ஏட்டி, பூவைக் கேட்டா பாம்பையும் சேர்த்தா கொண்டாருவ? தாழை இங்கேயே இருக்கணும், பாம்பு மட்டும் போகணும். நாளைக்குள்ள செய்யலேன்னா குடிசையைக் காலி பண்ணிட்டு உன் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிரு."

முத்துப்பேச்சி தலையைச் சொறிந்தாள். கூடத்தில் பண்ணையாரின் மச்சினர் கோமதிநாயகம், அடுக்களையில் இருந்த தன் அக்காவிடம் இன்னொரு தோசைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் அவளைக் கொண்டுவிட வந்தவர், அதோடு ஊர் திரும்பவே இல்லை.

"செஞ்சிருதேன் ஐயா," என்றாள். "எப்படின்னுதான் தெரியல. அம்மா கூட வந்தவரை, அம்மா இங்கேயே இருக்க, நீங்க முதல்ல அனுப்பிக் காட்டுங்க. அதே மாதிரி நானும் பாம்பை அனுப்பிருதேன்."

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. பண்ணையார் அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கட்டிலைவிட்டு இறங்கினார்.

"குடிசையில நீயே இருந்துக்கோ," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தத் தாழையைப் பெயர்த்து மச்சினர் சன்னலுக்குக் கீழ நட்டுரு. தண்ணியை மட்டும் நிறைய விடு" என்றார்.