ராஜாவின் கடைவாய்ப் பல்

இந்தக் கதையை நம்புவதா வேண்டாமா என்று பல வருஷமாகச் சந்தேகம். சொன்னவர் ஆனைமடை ராஜசபையில் இருந்த தோழப்பரின் வம்சத்தில் வந்த சீரங்கநாதர். முன்னோர் அசடு வழிந்ததைக்கூட யாராவது பெருமையாகச் சொல்வார்களா? இவர் வெற்றிலையை மென்றபடியே ரசித்துச் சொல்வார்.

ஆனைமடை ராஜா கெம்பராயருக்கு வாயில் புண். வலது கன்னத்தின் உட்புறம், மிளகு அளவுதான். இருபது நாளாகியும் ஆறவில்லை. ராஜாவின் திறந்த வாயை எவரும் பார்க்கக் கூடாது என்பது அரண்மனை வழக்கம். ஆகவே வைத்தியர் நாடியை மட்டும் பார்த்தார். "உடம்புச் சூடாக இருக்கலாம், தூக்கம் கெட்டிருக்கலாம், வெற்றிலையில் சுண்ணாம்பு கூடியிருக்கலாம்" என்றார். உப்புநீரில் கொப்பளிக்கச் சொன்னார். காரத்தை நிறுத்தி, மோரும் மணத்தக்காளிக் கீரையும் கொடுக்கச் சொன்னார். எரிச்சல் தணிந்தது. புண் அப்படியே இருந்தது.

ராஜா பொறுமை இழந்தார். சமையல்காரன் சுருளியை இழுத்து வந்தார்கள்.

"என் வாயைப் புண்ணாக்கியவன் இவன்தான். மிளகாயை அரைத்து இவன் வாயில் அப்புங்கள்!"

"மகாராஜா, பத்து நாளாக அடுப்படியில் மிளகாயே இல்லையே!" என்று சுருளி காலில் விழுந்தான்.

குற்றவாளி யாரென்று தோழப்பருக்குத் தெரியும். பொங்கலன்று ராஜா முழுக் கொட்டைப்பாக்கைப் பல்லால் உடைத்துக் காட்டுவார். இந்த வருஷம் அவர் தயங்கினார். "சிங்கத்தின் பல்லுக்கு வயசாகுமா?" என்று தூபம் போட்டவர் தோழப்பர். ராஜா உடைத்தார். "நீரும் உடையும்" என்றார். இவரும் உடைத்தார். பாக்கோடு இவருடைய கடைவாய்ப் பல்லின் ஓரமும் போயிற்று. உடைந்த முனை கன்னத்தை அறுத்துப் புண்ணாக்கியது. சபையிலேயே பெரிய பேச்சாளி, அன்று முதல் வாயே திறக்கவில்லை. மானத்துக்கு அஞ்சி இடது பக்கமாகவே மென்றார். ராஜாவும் அப்படித்தான் மெல்லுகிறார் என்று பந்தியில் கண்டும் சொல்லவில்லை. புகழ்ந்த வாயால் எப்படிச் சொல்வது?

இப்போது சுருளியின் முகத்தைப் பார்த்தார்.

"மகாராஜா, குற்றவாளி வேறொருவன் என்றால்?"

"அடடே, ஊமை பேசுகிறதே! எவனாயிருந்தாலும் மிளகாய்தான்."

"தங்களுக்கு மிக நெருக்கமானவன் என்றால்?"

"இரண்டு பங்கு மிளகாய். இது ஆணை!"

தோழப்பர் ஒரு கண்ணாடியை நீட்டினார். "நாங்கள் திரும்பிக்கொள்கிறோம். வலது கடைவாயைத் தாங்களே பாருங்கள். ஓரம் உடைந்த பல் ஒன்று இருக்கும். அவன்தான். மிளகாய் அரைக்கச் சொல்லட்டுமா?"

சபையே சுவரைப் பார்த்து நின்றது. ராஜா கண்ணாடியைப் பிடித்து வாயைத் திறந்தார். பிறகு பெரிய சிரிப்பு. சிரித்ததில் புண் இழுபட்டு, "ஆ!"

வழக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, வைத்தியரிடம் ராஜா வாயைத் திறந்தார். அவர் பல்லின் கூர்முனையை அரத்தால் மழுக்கினார்.

"ஓய் தோழப்பரே, எப்படிக் கண்டுபிடித்தீர்?"

தோழப்பர் தலையைக் குனிந்தபடி தன் வாயைத் திறந்து காட்டினார். ராஜா எட்டிப் பார்த்தார்.

"ஓஹோ! பாக்கை உடைக்கச் சொன்ன வாய்க்கும் அதே கதியா? சுருளி, மிளகாய் எங்கே?"

"அடுப்படியில் இல்லையே மகாராஜா" என்றான் சுருளி, தோழப்பரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி.

ராஜா மறுபடி சிரித்தார். பரிசாக ஒரு வெள்ளிப் பாக்குவெட்டி கொடுத்தார்.

போன மாதம் சீரங்கநாதர் அந்தப் பாக்குவெட்டியையே எடுத்துக் காட்டினார். பளபளவென்று இருந்தது, ஒருநாளும் பயன்படுத்தாதது போல. அப்போதுதான் அவரிடம் கேட்கத் தோன்றியது:

"அது சரி, நீங்கள் ஏன் இடது பக்கமாகவே மெல்லுகிறீர்கள்?"